மட்டக்களப்பு டவுன் பயோ ரியூசன் கிளாஸ் ஒண்டு, 5க்கு 2.5

ஏஎல் பயோவுக்கு (உயர்தர உயிரியல்) டவுனுக்குள்ள எந்தக் கிளாஸ் நல்லம் எண்டு நிறையப் பேர் கேக்கிறதால எழுதுறன். மகள் போற கிளாஸ்தான், சேர்ட பேரும் இடமும் சொல்ல மாட்டன், ஊருக்குள்ள முகம் பாத்து வாழ வேணும் தானே.

படிப்பிக்கிறதுல ஒரு குறையும் சொல்லேலாது. போர்ட்ல இதயத்தைக் கீறத் தொடங்கினார் எண்டா கலர் சோக்கால இரத்தம் ஓடுற திசை வரைக்கும் கீறித்தான் விடுவார், வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து விடிய முதல் பஸ் ஏறி வாற புள்ளயளே நித்திரை தூங்காம இருக்குதுகள் எண்டா பாருங்களன். காசு இல்லாத புள்ளட்ட பீஸ் கேக்கவும் மாட்டார். தகரக் கொட்டில், ரெண்டு பேன், பத்து மணிக்குப் பிறகு அவிஞ்சி போகும், அதை விடுவம்.

பிரச்சின டியூட்தான், அதான் சேர் குடுக்கிற நோட்ஸ். போட்டோ கொப்பில இருந்து போட்டோ கொப்பி அடிச்சி எழுத்தெல்லாம் கறுத்துப் போய்க் கிடக்கு, உள்ளுக்க இருக்கிற விசயமும் அப்பிடித்தான். சிலபஸ் 2017ல மாறி 2019ல அதுக்கு முதல் சோதினையும் நடந்து முடிஞ்சிட்டு, இவர்ட டியூட்ல இன்னும் கலச்சுவாசத்துல, அதாவது கலம் குளுக்கோசை உடைச்சி சக்தி எடுக்கிறதுல, ஒரு குளுக்கோசுக்கு 38 ஏடிபி (சக்தியைக் காவுற மூலக்கூறு) எண்டு கொட்டை எழுத்துல இருக்கு. நடுவுல இலத்திரன் காவுற என்ஏடிஎச் ஒண்டுக்கு முந்தி 3 ஏடிபி எண்டு கணக்குப் பாத்தாங்க, இப்ப 2.5, அதே மாதிரிக் காவுற எஃப்ஏடிஎச்2க்கும் 2 இல்ல 1.5, அப்பிடிக் கூட்டிப் பாத்தா 30 இல்லாட்டி 32தான் வரும். மகள் போய்க் கேட்டிருக்கா, "இதையே எழுதுங்க புள்ள, நான் படிப்பிச்சு எத்தனை டொக்டர்மார் வந்திருக்காங்க" எண்டாராம். வந்தது உண்மைதான், ஆனா அவங்க எழுதின பேப்பர் வேற சேர்!

ஸ்கூல் டீச்சர்மாருக்கு எண்டா பதவி உயர்வுக்கு பயிற்சி மொடியூல் இருக்கு, கல்வி வலயத்துல செமினார் வைப்பாங்க, ஆசிரிய ஆலோசகர் வந்து பின் வாங்குல இருந்து பாடம் பாப்பார். அதுலயும் கையெழுத்தப் போட்டு ரோல்ஸ் சாப்பிட்டு வாறவங்க இருக்காங்கதான், செமினார் நாள்ல புள்ளயளுக்கு பாடமும் நடக்காது, எண்டாலும் ஒண்டு மாறினா ஒரு கடுதாசியாவது கையில வரும். ரியூசனுக்கு கேக்க ஒருத்தரும் இல்ல, ஹோல் நிறையுதா இல்லையா எண்டதுதான் கணக்கு.

ஆசிரியர்மார் புதுசு படிக்கிறத கட்டாயமாக்க வேணுமா எண்டு கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவன், காசு வாங்கிப் படிப்பிக்கிறவருக்கு ரெண்டு மடங்கு கட்டாயம். அதுக்காக வயசு போன மனிசன செமினார்ல இருத்தி வைக்கச் சொல்லல்ல. மகரகம தேசிய கல்வி நிறுவகத்திட வெப்சைட்ல புது சிலபசுக்கான வளநூல் தமிழ்லயே சும்மா கிடக்கு, அதை ஒருக்கா வாசிச்சி, போன வருசத்து மார்க்கிங் ஸ்கீமையும் பாத்து டியூட்ட திரும்ப டைப் அடிக்க ஒரு லீவு காணும். அடிக்கிற வேலைக்கு ஆளில்ல எண்டா பழைய புள்ளயளக் கேட்டாலே செஞ்சி குடுப்பாங்க, அவ்வளவு மரியாதை அவருக்கு இருக்கு.

மகளை நிப்பாட்டல்ல. படம் கீறவும் விளங்கிக்கொள்ளவும் அங்க போறா, வீட்ட வந்து வளநூலைப் பக்கத்துல வச்சி டியூட்ட சிவப்புப் பேனையால திருத்துறா. புதுசா சேரப் போறாக்கள் வளநூலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சேருங்க. தனிய டியூட்ட நம்பிப் படிக்கிற புள்ள எண்டா வேற கிளாஸ் பாருங்க.