டொமினியன் ரெண்டாவது எடிஷன்: புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதைத்தான் வாங்கணும்

டொமினியன்ங்குற கார்டு கேமோட முதல் எடிஷன் பாக்ஸ் எங்க வீட்ல ரொம்ப வருஷமா இருக்கு, 2008ல ரியோ கிராண்ட் கேம்ஸ் போட்டது, டொனால்ட் எக்ஸ். வக்கரினோ டிசைன் பண்ணது, அடுத்த வருஷமே ஜெர்மனில ஷ்பீல் டெஸ் யாரெஸ் (வருஷத்தோட சிறந்த கேம்) விருது வாங்குச்சு. 2016ல வந்த ரெண்டாவது எடிஷனையும் இப்ப வாங்கிட்டேன். ரெண்டு பாக்ஸ்லயும் புது ஆளுங்களுக்கு விளையாட சொல்லிக் குடுத்திருக்கேன், அந்த அனுபவத்துல எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு: எல்லாரும் 7 காப்பர் (ரொம்பக் கம்மி மதிப்புள்ள காசு கார்டு), 3 எஸ்டேட் (ஜெயிக்கறதுக்கான புள்ளி கார்டு)னு ஒரே மாதிரி 10 கார்டோட ஆரம்பிப்போம், காசு குடுத்து கார்டு வாங்கி வாங்கி அவங்கவங்க டெக்கை (கார்டு கட்டை) வளர்த்துக்கணும், அவ்ளோதான் கேம்.

புது எடிஷன்ல 6 கார்டை எடுத்துட்டாங்க. அட்வென்ச்சரர், சான்சலர், ஃபீஸ்ட், ஸ்பை, தீஃப், வுட்கட்டர். பதிலுக்கு 7 கார்டு வந்திருக்கு, 25 வகையா இருந்தது 26 ஆயிடுச்சு. கேக்குறதுக்கு சின்ன மாத்தம்தான், ஆனா முதல் தடவை உக்கார்றவங்களுக்கு இது பெரிய விஷயம்.

தீஃப் கார்டையே எடுத்துக்குவோம். எங்க அக்கா பொண்ணு முதல் கேம்லயே அதை ரெண்டு மூணு வாங்கி, என் டெக்ல மேல இருந்த காப்பரை எல்லாம் ஒவ்வொண்ணா பிடுங்கி தன் டெக்ல சேர்த்துக்கிட்டா, அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு. கடைசில நான் ஜெயிச்சேன். "எல்லாத்தையும் நான்தானே மாமா எடுத்தேன், அப்புறம் எப்படி நீங்க ஜெயிச்சீங்க"ன்னு கேட்டா. காப்பர்ங்கறது டெக்ல இருக்கவே கூடாத குப்பை, அதை அவ எடுக்க எடுக்க என் டெக் சுத்தமாகி நல்ல கார்டா கைக்கு வந்துச்சு, அவ டெக் நிரம்பி வழிஞ்சுச்சுன்னு புரிய வைக்கிறதுக்குள்ள அவ முகமே வாடிப் போச்சு. முதல் நாளே கத்துக்குற பாடமா இது? புது எடிஷன்ல இதுக்குப் பதிலா பேண்டிட் இருக்கு. போட்டவங்களுக்கு ஒரு கோல்ட் (பெரிய மதிப்புள்ள காசு கார்டு) கிடைக்கும், மத்தவங்க மேல் ரெண்டு கார்டைத் திறந்து அதுல காப்பர் இல்லாத காசு ஒண்ணை டிராஷ் பண்ணணும் (கேம்லேர்ந்தே எடுத்துடணும்). "காப்பர் இல்லாத"ங்குற அந்த ஒரு வார்த்தையிலயே பிரச்சனை தீந்துடுச்சு, வாங்கினவங்களுக்கு நிஜமாவே லாபம், எதிர்ல இருக்கறவங்களுக்கு நிஜமாவே நஷ்டம்.

அட்வென்ச்சரரும் அதே கதைதான், கோல்ட் விலை 6, இதுவும் 6, படம் வேற நல்லா இருக்கும், ஆசையா வாங்குவாங்க, ஆனா புது ஆளோட டெக்ல அது தேடி எடுத்துட்டு வர்றது பெரும்பாலும் ரெண்டு காப்பராத்தான் இருக்கும். ஸ்பை போட்டா டேபிள்ல எல்லாரும் மேல் கார்டைத் திறக்கணும், ஒவ்வொருத்தரோடதையும் வச்சுக்கலாமா தள்ளலாமான்னு முடிவு பண்ணணும், நாலு பேர் இருந்தா கேம் நகரவே நகராது. சான்சலர் போட்டா டெக் முழுசையும் டிஸ்கார்டுல (போட்டு முடிச்ச கார்டு குவியல்ல) போட்டுக்கலாம், எதுக்குன்னு எல்லாருமே கேப்பாங்க. இப்ப ஹார்பிஞ்சர் இருக்கு, டிஸ்கார்டைப் பார்த்து ஒரு கார்டைத் தூக்கி டெக் மேல வைக்கலாம், நம்ம டிஸ்கார்டு திரும்ப நம்ம கைக்குத்தான் வரப்போகுதுங்குறது பார்த்த உடனே புரிஞ்சுடுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச மாத்தம் இது.

ஒரே ஒரு வருத்தம் வுட்கட்டர். முதல் கேமுக்குன்னு ரூல்புக்ல சொல்ற 10 கார்டு செட்ல வுட்கட்டரை எடுத்துட்டு மெர்ச்சன்ட் வச்சிருக்காங்க. மெர்ச்சன்ட் நல்ல கார்டுதான், சில்வர் காசு கார்டோட சேர்ந்து வேலை செய்யறதால ரெண்டு கார்டு ஒண்ணுக்கொண்ணு உதவும்ங்குறது சீக்கிரம் பிடிபடும். ஆனா 3 காசுக்கு கூடுதலா ஒரு பை (Buy, அதாவது அதே டர்ன்ல இன்னொரு கார்டு வாங்குற வாய்ப்பு) குடுத்துட்டு இருந்தது வுட்கட்டர் மட்டும்தான். இப்ப பேஸ் பாக்ஸ்ல, அதாவது இந்த அடிப்படை டொமினியன் பாக்ஸ்ல, கூடுதல் பை வேணும்னா மார்க்கெட், ஃபெஸ்டிவல், கவுன்சில் ரூம், மூணுமே விலை 5. ஒரே டர்ன்ல ரெண்டு கார்டு வாங்கலாம்ங்குற ருசியை புது ஆளுங்க லேட்டாதான் பார்க்கறாங்க, விலை கம்மியா ஒரு பை கார்டை விட்டு வச்சிருக்கலாம்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. இன்ட்ரீக்ங்குற எக்ஸ்பான்ஷன் (கூடுதல் கார்டு) பாக்ஸ் முன்னாடி தனியாவே விளையாடற மாதிரி காப்பர், எஸ்டேட் எல்லாம் சேர்த்து வந்துச்சு, ரெண்டாவது எடிஷன்ல அந்தக் கார்டெல்லாம் இல்ல, பேஸ் பாக்ஸ் இல்லாம அதை மட்டும் வாங்கினா விளையாட முடியாது. இன்னொண்ணு, நான் ஆன்லைன்ல ஒரு கடைல ரெண்டாவது எடிஷன்னு போட்டிருந்ததை ஆர்டர் பண்ணேன், வந்தது பழசு, திருப்பி அனுப்பி காசு வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. பாக்ஸ் கைக்கு வந்ததும் கார்டு லிஸ்ட்ல மெர்ச்சன்ட் இருக்கான்னு பாருங்க, வுட்கட்டர் இருந்தா அது பழசு.