ஹோஸ்டிங் மாற்றம்: எங்கே போவது, எந்த வழியாகப் போவது

தளம் இடம் மாறியது யாருக்குமே தெரியவில்லை. ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை, அது வாடகைக்குக் குடியிருந்த ஹோஸ்டிங் சர்வரிலிருந்து வேறொரு ஹோஸ்டிங்குக்கு ஞாயிறு இரவு மாற்றினேன். திங்கள் காலை எல்லாப் பக்கமும் திறந்தது, முன்பைவிட வேகமாகவே திறந்தது. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை அந்த நிறுவனத்தின் கணக்கர் போனில் வந்தார். "சார், நாலு நாளா ஒரு ஆர்டர் மெயில்கூட வரலையே, நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

பண்ணியிருந்தேன். டொமைனைத் தேடி வருபவர்களுக்கு வழி சொல்லும் நேம்சர்வரை மாற்றியபோது, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று பழைய இடத்தில் சொல்லிக்கொண்டிருந்த எம்.எக்ஸ். ரெக்கார்டைப் புது இடத்தில் எழுத மறந்துவிட்டேன். புது ஹோஸ்டிங்கோ, 'மெயிலும் எனக்குத்தான்' என்று தானாகவே எழுதி வைத்துக்கொண்டது. நாலு நாள் மெயிலும் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் உட்கார்ந்திருந்தன. தொலையவில்லை, அது மட்டும்தான் ஆறுதல்.

ஹோஸ்டிங்குகளை ஒப்பிடும் அட்டவணைகளில் இடவசதி, வேகம், கட்டணம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டங்களில் இல்லாத இரண்டு விஷயங்களை. இங்கே வந்தால் மெயில் எங்கே இருக்கும்? நாளைக்கு இங்கிருந்து கிளம்பினால் எதையெல்லாம் கையோடு எடுத்துப் போக முடியும்?

எங்கே போவது

ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கைப் பலர் ஏளனமாகப் பேசுவார்கள். பத்துப் பதினைந்து பக்கமும் ஒரு தொடர்பு படிவமும் உள்ள நிறுவனத் தளத்துக்கு அது தாராளம். தளம், டேட்டாபேஸ், மெயில் மூன்றும் ஒரே பேனலுக்குள், அதாவது ஒரே நிர்வாகத் திரைக்குள், இருக்கும். பழைய இடம், புது இடம் இரண்டு பக்கமும் சிபேனல் என்ற பேனலே இருந்தால் முழு பேக்கப்பை ஒரே கோப்பாக எடுத்து அங்கே போய் விரித்துவிடலாம், மெயில் பெட்டிகளும் கூடவே வந்துவிடும். ஆனால் புது ஹோஸ்டிங்கில் எந்த பேனல் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2019-இல் சிபேனல் தன் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிய பிறகு, டைரக்ட்அட்மின் போன்ற வேறு பேனல்களுக்குப் போன ஹோஸ்டிங் நிறுவனங்கள் உண்டு. பேனல் வேறென்றால் கைவேலை கூடும்.

இங்கே ஏமாற்றும் சொல் 'அன்லிமிடெட்'. இடத்துக்கு அளவில்லை என்று சொல்லிவிட்டு, ஐநோட் என்று ஒரு கணக்கைச் சின்ன எழுத்தில் வைத்திருப்பார்கள். அது கோப்புகளின் எண்ணிக்கை. பல சர்வர்களில் ஒரு மெயில் என்பது ஒரு கோப்பு. பத்து வருட மெயிலை யாரும் அழிக்காத ஓர் அலுவலகம், வட்டில் பாதி காலியாக இருக்கும்போதே ஐநோட் வரம்பில் முட்டி நிற்கும். சி.பி.யு. வரம்பும் அப்படித்தான். கூட்டம் கொஞ்சம் கூடினால் 508 என்று ஒரு பிழைப் பக்கம் வந்து நிற்கும். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் பங்குதான் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

வி.பி.எஸ். (பெரிய சர்வரில் உங்களுக்கென்று தனியாகப் பிரித்துத் தரும் பங்கு), அல்லது ஏ.டபிள்யூ.எஸ்., டிஜிட்டல்ஓஷன் மாதிரி கிளவுட் சர்வர், இதற்கு நேர் எதிர். வேகமும் சுதந்திரமும் உங்களுடையவை, அப்டேட்டும் ஃபயர்வாலும் பேக்கப்பும் உங்கள் தலையில். தன் தளத்துக்கு வி.பி.எஸ். வேண்டும் என்று யாராவது கேட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் நின்றால் யார் எழுந்திருப்பார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதிலில் ஓர் ஆளின் பெயர் வந்தால் சரி. 'பார்த்துக்கலாம்' என்று வந்தால் வேண்டாம்.

மெயிலைப் பொறுத்தவரை வி.பி.எஸ். மோசமான தேர்வு. ஏ.டபிள்யூ.எஸ்., கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் மூன்றுமே ஸ்பேமுக்குப் பயந்து, மெயில் வெளியே போகும் 25-ஆம் எண் போர்ட்டை இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. தளம் பளபளவென்று ஓடும். தொடர்பு படிவத்தில் ஒருவர் எழுதி அனுப்பினால் 'நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்று திரையில் வரும். உங்களுக்கு எதுவும் வராது. ஆனால் கிளம்புவதற்கு இதைவிட எளிய இடம் கிடையாது. எல்லாமே உங்கள் கையில் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கென்றே இருக்கும் மேனேஜ்டு ஹோஸ்டிங் இரண்டுக்கும் நடுவில் வரும். சர்வர் கவலை அவர்களுடையது. ஒத்திகைத் தளம் ஒன்றை ஒரு பொத்தானில் உண்டாக்கிச் சோதித்துப் பார்க்கலாம். கடை நடத்தும் தளத்துக்கு நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் டபிள்யூ.பி. எஞ்சின், கின்ஸ்டா போன்றவை மெயில் பெட்டி தருவதே இல்லை. அதை விற்பனைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எதிர்பார்க்காதீர்கள். சில பிளகின்களையும் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) அனுமதிக்க மாட்டார்கள். குறிப்பாக, பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு வேகம் கூட்டும் கேஷ் பிளகின்கள், காரணம் அந்த வேலையை அவர்களுடைய சர்வரே செய்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பிளகின் பட்டியலை அவர்களுடைய தடைப் பட்டியலோடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

தளம் கட்டும் கருவியையும் சர்வரையும் சேர்த்தே தரும் விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை வகையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அங்கே போவது ஹோஸ்டிங் மாற்றமே இல்லை, தளத்தைப் புதிதாகக் கட்டுவது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. ஷாப்பிஃபையிலிருந்து பொருள் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக எடுக்கலாம், தோற்றம் வராது. முகவரி அமைப்பும் மாறிவிடும் என்பதால், பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடும் குறிப்பு, போட வேண்டும். போடாவிட்டால் தேடுபொறியில் இத்தனை வருடம் சேர்த்த இடம் போய்விடும். கவனிக்க ஆளே இல்லாத சின்ன நிறுவனத்துக்கு இது சரியான வழியாக இருக்கலாம், மறுக்கவில்லை. எனக்கு வாசல் இல்லாத வீடு பிடிக்காது.

இவ்வளவுக்கும் பிறகு என் கணக்கு இதுதான்: மெயிலை முதலில் ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துவிடுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ மெயில், எதுவாக இருந்தாலும் சரி. தளத்தை மாற்றுவதற்குச் சில வாரங்கள் முன்பே இதைச் செய்துவிட்டால், அப்புறம் எந்த ஹோஸ்டிங் என்பது அவ்வளவு பெரிய முடிவாக இருக்காது. பிடிக்கவில்லையா, அடுத்த மாதம் வேறு இடம்.

இயங்கும் நேர உத்தரவாதத்தை வைத்து மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 99.9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் நின்றிருக்கலாம் என்று அர்த்தம், 99.99 என்றால் நாலேகால் நிமிடம். மீறினால் அவர்கள் தருவது பெரும்பாலும் பில்லில் கொஞ்சம் கழிவு. நின்றுபோன வியாபாரத்துக்கு ஈடு கிடைக்காது.

பேக்கப்பை மட்டும் துருவிக் கேளுங்கள். தினமும் எடுக்கிறோம் என்பார்கள். எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையுமே இழந்தார்கள்.

யார் தூக்குவது

சாமான்களை ஏற்றி இறக்க மூன்று வழி. புது ஹோஸ்டிங்காரர்களே இலவசமாக மாற்றித் தருவது, பிளகின் வைத்து மாற்றுவது, கையால் மாற்றுவது.

இலவச மாற்றத்தில் 'தளம்' என்று அவர்கள் சொல்வது கோப்புகளையும் டேட்டாபேஸையும் மட்டும்தான். மெயில், கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), டி.என்.எஸ். (நேம்சர்வரில் இருக்கும் டொமைன் பதிவுகள்) எல்லாம் பெரும்பாலும் அதில் சேராது. கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டால் நல்ல வழி. பிளகின் வழி சின்ன தளத்துக்குச் சுகம். தளம் சில ஜிபி தாண்டினால் பாதியில் நேரம் முடிந்து நின்றுவிடும், எங்கே நின்றது என்றும் தெரியாது.

கைவழிதான் எனக்குப் பிடித்தது, ஆனால் அதில் நான் வாங்கிய அடியும் உண்டு. ஒரு தமிழ்த் தளத்தின் டேட்டாபேஸை இறக்கி, புது சர்வரில் ஏற்றித் திறந்தேன். 'எங்களைப் பற்றி' என்று இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு விழுந்த ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உமாக ஒரே கிறுக்கல். எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பழைய டேட்டாபேஸ், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறை என்று பெயர் போட்டுக்கொண்டு உள்ளே தமிழை வைத்திருந்தது. ஏற்றும்போது அந்த மூன்று பைட்டும் தனித்தனி எழுத்தாகப் பிரிந்து போயிருந்தன. ஆங்கிலப் பக்கங்கள் ஒழுங்காகத் தெரிந்ததால், முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. நல்லவேளை, பழைய சர்வரைத் தொடாமல் வைத்திருந்தேன். கேரக்டர் செட்டைச் சரியாகக் குறிப்பிட்டு மறுபடி இறக்கினேன், வந்துவிட்டது.

வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி-யின் பதிப்பையும் இப்போதே பாருங்கள். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. பழைய சர்வரில் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கும் தீம் (தளத்துக்குத் தோற்றம் தருவது), 8-இல் வெள்ளைத் திரையாக நிற்கலாம். ஹோஸ்டிங் சரியில்லை என்று திட்டுவார்கள், குற்றம் தீமுடையதாக இருக்கும்.

கதவை எப்போது மாற்றுவது

புது சர்வரில் எல்லாம் தயார். இனி உலகத்தை அங்கே திருப்ப வேண்டும். நேம்சர்வரையே மாற்றுவது ஒரு வழி, நேம்சர்வரை இருக்கும் இடத்திலேயே விட்டு, தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. புது ஹோஸ்டிங்கின் வரவேற்பு மெயிலில் முதல் வழியைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அது எளிது. உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

நேம்சர்வரை மாற்றினால் எம்.எக்ஸ்., மெயில் போலி இல்லை என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம் என்று டி.என்.எஸ்-இல் இருக்கும் ஒவ்வொரு வரியும் புது இடத்தில் இருந்தாக வேண்டும். ஒன்று விட்டாலும் என் வியாழக்கிழமை கதைதான். 2024 பிப்ரவரியிலிருந்து எஸ்.பி.எஃப். அல்லது டி.கிம் இல்லாமல் வரும் மெயிலை ஜிமெயில் சும்மா விடுவதில்லை. டி.என்.எஸ். பதில் போலி இல்லை என்று உறுதிசெய்யும் டி.என்.எஸ்.செக் போட்டிருந்து, அதன் சாவிக் குறிப்பான டி.எஸ். ரெக்கார்டை டொமைன் பதிவாளரிடம் எடுக்காமல் நேம்சர்வரை மாற்றினால், தளம் பாதிப் பேருக்குத் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. மாற்றத்தைத் திரும்பப் பெறவும் நேரம் பிடிக்கும். டாட் காம் பதிவேட்டில் நேம்சர்வர் விவரத்துக்கு உள்ள டி.டி.எல். (ஒரு விவரத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 172800 விநாடி, அதாவது 48 மணி நேரம். 'இரண்டு நாள் ஆகும்' என்று எல்லோரும் சொல்வதற்கு இதுதான் மூலம்.

ஏ ரெக்கார்டு மட்டும் என்றால் மாறுவது சர்வரின் முகவரியான ஒரே ஒரு ஐ.பி. எண். மெயிலை முன்பே பிரித்திருந்தால் அந்தப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. டி.டி.எல்-ஐ 300-க்கு இறக்கி வைத்திருந்தால் பெரும்பாலானோருக்கு ஐந்து நிமிடத்தில் புதிய தளம். ஏதாவது கெட்டால் பழைய எண்ணைப் போட்டு அதே ஐந்து நிமிடத்தில் திரும்பலாம். ஒரு நிபந்தனை: இறக்கும் வேலையை முந்தின நாளே செய்துவிட வேண்டும். பழைய மதிப்பு 86400 என்றால், அதை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார்கள். மாற்றும் நிமிடத்தில் 300 போடுவது மழை விட்ட பிறகு குடை விரிக்கிற கதை.

அதற்கும் முன்னால், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனையும் புது ஐ.பி-யையும் ஒரு வரி எழுதினால், உங்கள் ஒருவருக்கு மட்டும் புதிய தளம் திறக்கும். அப்போது எஸ்.எஸ்.எல். (பாதுகாப்புச் சான்றிதழ்) எச்சரிக்கை வந்தால் பதறாதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாக டொமைன் எங்கே காட்டுகிறது என்று பார்த்துத்தான் சான்றிதழ் தரும், டொமைன் இன்னும் பழைய இடத்தைத்தான் காட்டுகிறது. டி.என்.எஸ். வழியாகச் சரிபார்க்கும் முறையில் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், கடைத் தளத்துக்கு அதுதான் உத்தமம். சோதித்து முடித்ததும் அந்த வரியை அழிக்க மறக்காதீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் 'தேடுபொறிகள் வரவேண்டாம்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

டொமைன் பதிவையும் கையோடு வேறு பதிவாளரிடம் மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது தனி வேலை. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, மாற்றிய பிறகு மறுபடி மாற்ற முடியாதபடி வழக்கமாக 60 நாள் பூட்டும் விழும்.

கடைத் தளம் என்றால், மாற்றும் நேரத்தில் பழைய கடையை மூடிவிடுங்கள், அரை மணி நேரமாவது. மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தேன். கொஞ்சப் பேர் பழைய சர்வரிலும் மற்றவர்கள் புதியதிலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு டேட்டாபேஸிலும் 1041 என்று ஓர் ஆர்டர், இரண்டு வேறு வாடிக்கையாளர்கள், இரண்டு பேரும் பணம் கட்டியிருந்தார்கள். அவற்றைப் பிரித்துக் கோக்க ஒரு முழு நாள் போனது. அரை மணி நேரம் மூடியிருந்தால் இழப்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருந்திருக்காது.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யாமல் ஒரு மாதம் வைத்திருப்பது என் வழக்கம். அந்தக் கணக்கர் அலுவலகத்திலும் அப்படித்தான் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் பழைய சர்வரின் மெயில் பதிவேட்டைத் திறந்தால், தினமும் காலை பத்து மணிக்கு மேல் யாரோ உள்ளே வந்து மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்த்ததில் அது மாடிப்படி ஓரம் நிற்கும் ஸ்கேனர். பில்களை ஸ்கேன் செய்தால் கணக்கருக்கு மெயிலில் அனுப்ப, பல வருடம் முன்பு யாரோ அதற்குள் பழைய சர்வரின் பெயரைத் தட்டி வைத்திருக்கிறார்கள். அதன் சின்னத் திரையில் எழுத்தெழுத்தாகப் புது மெயில் சர்வரின் பெயரை மாற்றி, ஒரு வெற்றுத் தாளை ஸ்கேன் செய்து, அது கணக்கரின் இன்பாக்ஸில் வந்ததைப் பார்த்த பிறகுதான் ரத்து பொத்தானை அழுத்தினேன்.