லைன் வருவதற்கு முன்பே சோலாரை ஓட்டிக் காட்டியவர்கள்

கூரையில் பேனல் ஏறிவிட்டது, இன்வெர்ட்டர் சுவரில் தொங்குகிறது, ஆனால் மின்வாரிய லைனும் வரவில்லை மீட்டரும் வரவில்லை. புது வீட்டில் இப்படி மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்கு வேலை செய்து கொடுத்த குழுவை யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன். ஒரு குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

இவர்களுக்கு முன்னால் நாங்கள் விசாரித்த இன்னொரு சோலார்காரர், சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டரே போதும், லைன் வரும்வரை ஜெனரேட்டரைக் கொடுத்து ஓட்டிக்கொள்ளலாம் என்றார். நல்லவேளை, கேட்கவில்லை. வெளியிலிருந்து கரண்ட் வந்தால்தான் அந்த இன்வெர்ட்டர் வேலை செய்யும், லைன் போனால் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. அதற்கு ஜெனரேட்டரைக் காட்டினால், வீட்டில் லோடு குறைகிற நேரத்தில் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பப் பாயும். அதைத் தடுக்கத் தனி கன்ட்ரோலர் வேண்டும், அதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இந்தக் குழு போட்டது லைன் இல்லாவிட்டாலும் பேட்டரியை வைத்து ஓடுகிற 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 10 பேனல், 51.2 வோல்ட்டில் சுமார் 10 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி. லைன் இல்லாமல் எதையெல்லாம் சோதிக்க முடியும், எது லைன் வந்த பிறகுதான் முடியும் என்று முதல் நாளே தாளில் இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

சோதனையன்று நானும் கூடவே நின்றேன். ஒரு பேனலுக்கு 49.5 வோல்ட் என்று போட்டிருக்கிறது, வரிசையாக இணைத்த பத்துக்கும் 495 வர வேண்டும், அவர்கள் கையிலிருந்த அளவு மீட்டரில் 452தான் வந்தது. எனக்குப் பக்கென்றது. பேனல் சூடாக இருந்தால் வோல்ட் இறங்கும் என்று சொல்லி, பேனலின் பின்புறச் சூட்டை அளந்து, கணக்குப் போட்டு அதே 452 வருவதைக் காட்டினார் அந்த எலெக்ட்ரீஷியன். அப்புறம் ஒயரிலிருந்து எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்க்க மெக்கர் என்ற கருவியைப் போட்டார்கள். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.3. சரி, காலையில் ஈரம் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு பேனலாகப் பிரித்துப் பார்த்து, ஏழாவது பேனலுக்குக் கீழே கிளாம்புக்கும் ரெயிலுக்கும் நடுவில் ஒயர் நசுங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மேல் தோல் நகக்கண் அளவுக்குக் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அவசரமாக அப்படியே ஓட்டியிருந்தால் அது பல மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். லைன் இல்லாமல் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டர் பக்கத்தில் முறையாக இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷாக் அடித்தாலும், கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழாது. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எப்படியும் விழும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. இவர்கள் தனிக் கருவியை பிளக் பாயின்ட்டில் செருகி, எர்த் வழியாகக் கசியவிட்டுச் சோதித்தார்கள். உங்கள் ஆட்கள் பட்டனை மட்டும் அழுத்திவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள்.

அன்று இரவே வீட்டில் விளக்கு எரிந்தது. மறுநாள் தண்ணீர் மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் ஒன்றாக ஓடியதில் இன்வெர்ட்டர் டிரிப் ஆனது. மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும், தாங்கிக்கொள்ள லைன் இல்லை, அதனால் இனி ஒவ்வொன்றாகப் போடுங்கள் என்றார்கள். பதினோரு மணிக்கு பேட்டரி நிறைந்ததும் உற்பத்தி 3,800 வாட்டிலிருந்து 300க்கு விழுந்தபோதும் பதறிப் போன் செய்தேன். மின்சாரம் போவதற்கு இடம் இல்லாததால் இன்வெர்ட்டரே குறைத்துக்கொள்கிறது, கோளாறு இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். அதிலிருந்து துணி துவைப்பதும் தொட்டி நிரப்புவதும் நடுப்பகலில்தான்.

குறை என்னவென்றால், லைன் வந்த பிறகு இரண்டாம் தடவை வரவழைக்க நாலு முறை கூப்பிட வேண்டியிருந்தது. வந்தபோது பார்த்தால் மீட்டர் பக்கத்தில் ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட்டை அளக்கிற சி.டி. கிளாம்ப் தலைகீழாக மாட்டியிருந்தது, வெளியே போகிற மின்சாரத்தை உள்ளே வருவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. லைன் இல்லாமல் அதைச் சோதிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டி, மெயினை அணைத்து, இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் லைனை விட்டு விலகுகிறதா என்று என் கண் முன்னால் பார்த்து, எல்லா அளவுகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வாரன்டி இந்த இரண்டாம் சோதனை நடந்த தேதியிலிருந்துதான் என்று நான் கேட்காமலேயே அதில் எழுதியிருந்தது.