மலிவு டர்போ: 38,000 கிலோமீட்டருக்குப் பிறகும் போகாத நீலப் புகை

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, நீங்க போட்ட அதே டர்போ இப்ப 3,200 ராண்டுக்கு வந்திருக்கு, வாங்கிடவா?" டர்போ என்றால் எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புகிற கருவி. நான் வாங்கும்போது 4,500. போன மாதம்தான் அதைக் கழற்றிப் பிரித்து, பேரிங் மாற்றி, மறுபடி பூட்டினேன். கையில் ஆயில் வாடை இன்னும் போகவில்லை. வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் அவனுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப், 1.8 லிட்டர், எட்டு வால்வு. டர்பனில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், 2009-இல் தயாரிப்பு நின்ற பிறகும் சாட்ஸ்வொர்த்தில் தெருவுக்கு இரண்டு நிற்கிறது. தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டு கம்ப்ரெஷனை இறக்கியிருக்கிறேன், பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், தென்னாப்பிரிக்காவிலேயே தயாரான டிக்டேட்டர் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), பூஸ்ட், அதாவது டர்போ கூட்டிக் கொடுக்கிற காற்று அழுத்தம், 0.6 பார். டர்போ மட்டும் பேர் போடாத பெட்டியில் வந்தது. போட்டு இரண்டே முக்கால் வருஷம் ஆகிறது, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதல் வாரத்திலிருந்தே என்னை வாட்டியது புகைதான். ரோபோவில் (சிக்னல் விளக்கில்) சிவப்பு விழுந்து இரண்டு நிமிடம் நின்று, பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலமாக ஒரு மேகம் எழும்பும். கொஞ்ச தூரம் ஓடினால் போய்விடும், அடுத்த ரோபோவில் மறுபடி வரும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார், வால்வு சீல் என்று இன்னொருவர் சொன்னார். கம்ப்ரெஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் நன்றாக இருந்தது. சரி, டர்போதான்.

ஆனால் டர்போவில் சீல் போய்விட்டது என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். உள்ளே இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய வளையம், அவ்வளவுதான். தேங்கி நிற்கிற ஆயிலைத் தடுத்து நிறுத்த அதனால் முடியாது, ஆயில் தங்காமல் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். எஞ்சின் ஆயிலை அழுத்தத்தோடு உள்ளே அனுப்புகிறது, அது டர்போவின் நடுத்தண்டாகச் சுற்றுகிற ஷாஃப்டில் அடிபட்டு நுரைத்து வெளியே வரும்போது அழுத்தம் ஒன்றும் மிச்சம் இருக்காது, தன் கனத்தால் மட்டுமே சம்புக்குள், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள், வழிந்து விழ வேண்டும். அதனால் ரிட்டர்ன் பைப் பெரிதாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்க வேண்டும், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் ஆயில் தேங்கும். தேங்கினது டர்பைன் பக்கம் (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றுகிற பக்கம்) கசிந்து நிற்கும், மிதித்ததும் எரிந்து புகையாகும்.

என் வண்டியில் மூன்றுமே தப்பியிருந்தது. கோல்ஃபில் எக்ஸாஸ்ட் பின்பக்கம், எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டை ஒட்டி இருக்கிறது, அங்கே இடம் கிடையாது. பெட்டியில் வந்த ரிட்டர்ன் பைப் என் சுண்டு விரல் கூட நுழையாத அளவு, அதையும் வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். நான் காசு கொடுத்து வேலை செய்யச் சொன்ன ஒர்க் ஷாப்பில், சம்பில் ஓட்டை போட்டு வெல்டிங் வைத்த இடம் ஆயில் மட்டத்துக்குக் கீழே. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. டர்போ தொழிலில் இது அரிச்சுவடி, தெரியாமல் செய்திருந்தால் அந்த வேலையையே எடுத்திருக்கக் கூடாது.

பெட்டிக்குள் வந்த இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். ஆயில் உள்ளே போகிற இடத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை வைத்து ஆயில் வரத்தைக் குறுக்குகிற ஒரு நிப்பிள். அது குண்டுகள் வைத்த பால் பேரிங் டர்போவுக்கானது, அதற்குக் கொஞ்சம் ஆயில் போதும். இது ஜர்னல் பேரிங், ஆயில் படலத்தின் மேலேதான் அதன் ஷாஃப்ட் மிதக்கிறது, அதற்கு அள்ளிக் கொடுக்க வேண்டும். எந்தப் பேரிங் என்று கூடப் பார்க்காமல் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அந்த எட்டு மாதமும் டர்போ அரைப் பட்டினியில் ஓடியிருக்கிறது.

போன வருஷம் பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். அன்றைக்கு அங்கே எவ்வளவு கூட்டம் வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன, பக்கத்திலேயே தலையில் பாத்திரம் வைத்துக்கொண்டும் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டும் ஜனங்கள் நடந்தார்கள். நாற்பது நிமிடம் ஐடிலில் நின்று நின்று நகர்ந்ததில் எத்தனை ஆயில் சேர்ந்ததோ, ஒரு இடத்தில் முன்னால் வழி கிடைத்து லேசாக மிதித்தேன், பின்னால் ரோடே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் புடவை கட்டின ஒரு அம்மா முந்தானையை எடுத்துப் பேரப் பிள்ளையின் மூக்கில் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, மைத்துனரை இறக்கி, ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை இறங்கி நடந்தே கோவிலுக்குப் போனார். அந்த நாளை இந்த டர்போவின் கணக்கிலிருந்து என்னால் கழிக்க முடியவில்லை.

அடுத்த வாரமே சம்பை இறக்கி, ஓட்டையை மேலே மாற்றி, உள்ளளவு 19 மில்லிமீட்டர் ஹோஸை வளைவில்லாமல் போட்டேன். எஞ்சின் அடிப்பகுதியின் காற்றுப் போக்கியான கிராங்க் கேஸ் பிரீதரையும் பெரிதாக்கினேன், உள்ளே காற்று அழுத்தம் சேர்ந்தால் அதுவும் ஆயில் இறங்குவதைத் தடுக்கும். புகை முக்கால்வாசிக்கு மேல் போனது. மீதி போகவில்லை.

அந்த மீதிக்காகத்தான் போன மாதம் பிரித்தேன். ஏர் ஹோஸைக் கழற்றி, காற்றை அழுத்துகிற கம்ப்ரெஸர் வீலின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மேலும் கீழும் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, ஜர்னல் பேரிங்கில் அது இருக்கும், ஓடும்போது ஆயில் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஆனால் உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் விரலுக்கு எதுவும் தெரியக் கூடாது. எனக்கு டக் டக் என்று கேட்டது. பிரித்ததில், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்குகிற த்ரஸ்ட் பேரிங் ஒரு பக்கம் தேய்ந்து, பித்தளைப் பொடி ஆயிலில் மினுமினுத்தது. இந்த மாதிரி டர்போக்களில் அது முழு வட்டமாக இருக்காது, 270 டிகிரிக்குத்தான் தாங்கும். 360 டிகிரி கிட் வாங்கிப் போட்டேன், பேலன்ஸிங்கோடு சேர்த்து 2,050 ராண்ட் ஆனது. வீல் ஹவுசிங்கில் உரசவில்லை, பிளேடு ஒன்றும் உடையவில்லை, எக்ஸாஸ்ட் ஹவுசிங்கில் ஒரு கீறல் கூட இல்லை. வார்ப்பு வேலை நன்றாகவே செய்திருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் என்.3 ரோடு, டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகிற நெடுஞ்சாலை. இதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

டர்போ இல்லாத காலத்தில் ஜோஹன்னஸ்பர்க் போவது எனக்குப் பிடிக்காது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போதே வண்டி மூச்சு வாங்கும், வான் ரீனன்ஸ் பாஸில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் கிடந்து அழும். அங்கே உயரம் சுமார் 1,700 மீட்டர், ஜோஹன்னஸ்பர்க் 1,750 அளவு. கடற்கரையில் காற்று அழுத்தம் 1 பார் என்றால் அங்கே 0.83 தான், சாதாரண எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை வழியிலேயே இழந்துவிடும். டர்போவோடு முதல் தடவை வான் ரீனன்ஸ் ஏறினபோது நான்காவது கியரிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மூன்று லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன, வலது லேனில் போய் மிதித்தேன், கேஜ் முள் 0.6-இல் போய் நின்றது, வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் என் மகன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹாரிஸ்மித்தில் டீ குடிக்க நிறுத்தியபோதும் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை. இவ்வளவு வருஷம் ஓட்டின வண்டியில் அப்படி ஒரு ஏற்றம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு டர்போதான் விலை கொடுக்கிறது. டர்பனில் 0.6 ஏற்ற 1 பாரை 1.6 ஆக்கினால் போதும். அங்கே 0.83-ஐ 1.43 ஆக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 1.7 மடங்கு. முள் அதே இடத்தில் நின்றாலும் ஷாஃப்ட் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, த்ரஸ்ட் பேரிங் மேல் பாரம் கூடுகிறது. பெட்ரோலிலும் கவனம் வேண்டும். மேலே உயரமான இடங்களில் 93 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்று சொல்வார்கள், அது காற்று மெலிந்ததால் சாதாரண எஞ்சினுக்குச் சொல்லும் கணக்கு. மெலிந்த காற்றை நாம் மறுபடி அழுத்தி உள்ளே அனுப்புகிறோம், ஆகவே அங்கேயும் 95 தான் போட வேண்டும்.

தம்பி, நீ வாங்காதே. 3,200 என்ன, 2,000 ஆனாலும் வேண்டாம். நான் கொடுத்த 4,500, பேரிங் செலவு, சம்ப் இரண்டு தடவை, ஹோஸ் எல்லாம் கூட்டினால், ஸ்கிராப் யார்டில் 1.8 டி வண்டியிலிருந்து (கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்தது) ஒரு நல்ல கே03 டர்போ எடுத்து, ஒரிஜினல் பாகம் போட்டுச் சரிசெய்து மாட்டியிருக்கலாம். 0.6 பாருக்கு அது தாராளம். என் வண்டியில் இருப்பதை நான் கழற்றப் போவதில்லை, ஆகஸ்டில் மறுபடி ஜோஹன்னஸ்பர்க் போகிறேன், இதோடுதான். இந்தப் பெரிய வெள்ளிக்கு மைத்துனர் வண்டியில்தான் கோவிலுக்குப் போனோம்.

ஏற்கெனவே காசு கட்டிவிட்டாய் என்றால், பூட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு மில்லிமீட்டர் நிப்பிளைத் தூக்கிப் போடு. யாரிடமும் சம்பைக் கொடுக்காதே. சனிக்கிழமை காலையில் வண்டியை இங்கே கொண்டுவா. டிப்ஸ்டிக்கில் முழு அளவுக்கு ஆயில் நிற்கிற மட்டத்தைச் சம்பின் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வோம், வெல்டிங் அதற்கு மேலே எங்கே வரும் என்று நாமே குறித்துவிடலாம்.