காரைக்குடி அருகே மூன்று நாள் சமையல் வகுப்பு: வெளிநாட்டு அடுப்படிக்கு எவ்வளவு உதவியது?

பிறந்து வளர்ந்தது தேவகோட்டை என்றாலும், இருபத்தைந்து வயது வரை அடுப்படிக்குள் நான் தண்ணீர் குடிக்க மட்டுமே போயிருக்கிறேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்குப் படிக்கப் போன பிறகு பசிதான் என்னைக் கரண்டி பிடிக்க வைத்தது. காணொளிகளைப் பார்த்தும் அம்மாவைத் தொலைபேசியில் நச்சரித்தும் இரண்டு ஆண்டுகளில் சோறு, ரசம், ஒரு மாதிரியான கோழிக் குழம்பு வரை வந்தேன். அதற்கு மேல் நகரவில்லை. "பக்குவம் வந்ததும் இறக்கு" என்பார் அம்மா. அந்தப் பக்குவம் எது என்பது தொலைபேசியில் தெரிவதில்லை. நேரில் கற்றுக்கொள்ளலாமே என்றால், நேரில் அவர் கரண்டியை என் கையில் தருவதில்லை. ஆகவே சென்ற விடுமுறையில், காரைக்குடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய நகரத்தார் வீட்டில் நடக்கும் மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தேன். மதிய உணவையும் சேர்த்துக் கட்டணம் 7,500 ரூபாய். ஆத்தங்குடிக் கற்களையும் தேக்குத் தூண்களையும் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தனியாகச் சமைத்துத் தடுமாறுகிறவருக்கு இந்த வகுப்பு உதவுமா என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் முழுவதும் மசாலாச் சாமான்களுக்கே போயிற்று. கற்றுத் தந்தவர் எழுபதைத் தாண்டியவர். எல்லோரும் ஆச்சி என்றே அழைத்தோம். கல்பாசியைத் தட்டில் போட்டு முகரச் சொன்னார்; காய்ந்த பட்டையின் வாடைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அதையே சூடான எண்ணெயில் கிள்ளிப் போட்டதும் வீட்டின் இரண்டாம் கட்டு முழுவதும் மணந்தது. பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் வளரும் லைக்கன் வகை அது. எண்ணெய்ச் சூட்டில்தான் அதன் மணம் அவிழும். பொடித்து வைத்துக்கொண்டு, குழம்பை இறக்கும்போது தூவிக்கொண்டிருந்த எனக்கு இரண்டு ஆண்டுக் குழப்பம் அன்று தீர்ந்தது. உணவகங்களில் செட்டிநாடு என்ற பெயரில் வரும் காரமான கோழியை மனத்தில் வைத்து, எல்லாக் குழம்புக்கும் பட்டையும் சோம்பும் அன்னாசிப்பூவும் உண்டா என்று கேட்டேன். "எல்லாத்துலயும் அதைப் போட்டா எல்லாமே ஒரே குழம்புதான், தம்பி" என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் கற்ற வெள்ளைப் பணியாரத்துக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். ஸ்டுட்கார்ட்டில் நான் அரிசியையும் உளுந்தையும் தராசில் நிறுத்து, இட்லிக்குப் போல நான்குக்கு ஒன்று என்று கலந்து, இரவெல்லாம் ஊறவைத்து, கல்லைப் போன்ற வில்லைகளைச் சுட்டிருந்தேன். ஆச்சி ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கும் வரை கொட்டினார், அவ்வளவுதான் அளவு. டம்ளர் சிறிதோ பெரிதோ, கணக்கு அதிகம் தவறாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும் என்றார். புளிக்க வைப்பதும் இல்லை. மாவைக் குழிக்கரண்டியில் எடுத்து எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். தண்ணீர் கூடியிருந்தால் ஓரம் வலை போலப் பிரிகிறது. குறைந்திருந்தால் வடை போல உப்பி நிற்கிறது. பணியாரம் தானாக மேலே எழும்பும் வரை கரண்டி படக்கூடாது; பிறகு ஒருமுறை திருப்பி, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். என் கையால் ஊற்றிய ஆறில் நான்கு தேறின.

மூன்றாம் நாள் வெண்டைக்காய் மண்டியும் கவுனி என்ற கறுப்பரிசியும். நகரத்தார் பர்மாவுக்குத் தொழில் செய்யப் போய் வந்த காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது கவுனி. அங்கே தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் அவர்களுக்குச் சமையற்காரர் இருந்தார், எனக்குத்தான் இல்லை. மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் வேண்டும். குழம்புக்குத் திடம் தருவது அதுவே. நான் அங்கே வாங்கும் பாசுமதியைக் களைந்தால் தண்ணீர் தெளிவாகவே வருகிறது என்றதும், ஊறிய பச்சரிசி ஒரு கரண்டி அரைத்துக் கரைத்துவிடச் சொன்னார்.

குறைகளும் சிறியவை அல்ல. "அடிப்படையிலிருந்து கற்பிக்கிறோம்" என்று விளம்பரம் சொல்கிறது. ஆனால் கத்தி பிடிப்பதோ அடுப்பைத் தணிப்பதோ யாரும் கற்றுத் தருவதில்லை. என்னுடன் வந்த ஒருவருக்கு வெங்காயம் வதங்கியதா கருகியதா என்பதே தெரியாது. அவர் மூன்று நாளும் பார்வையாளராகவே இருந்தார். எனக்குப் பலன் கிடைத்தது, கெட்டுப்போன சமையல் ஒவ்வொன்றையும் கேள்வியாக எழுதிக் கொண்டுபோனதால்தான். பதினொரு பேருக்கு நான்கு அடுப்பு போதவில்லை. இரண்டாம் நாள் நடுவே ஒரு சுற்றுலாக் குழுவை உள்ளே விட்டதில், அவர்கள் படம் எடுத்து முடிக்கும் வரை மாவு வெயிலில் காத்திருந்தது. கையில் கொடுத்த அச்சுத்தாளில் ஒரு வரியில் ஆழாக்கு, மறு வரியில் கிராம். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டியிருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயில்தான் எல்லாம் சமைத்தார்கள். நீட்டு மிளகாய் மட்டுமே கிடைக்கும் ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. விடைபெறும்போது ஓலைக் கொட்டான் நிறையக் கறிவேப்பிலை கொடுத்தார்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அதை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் அது அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் குழிந்த வாணலி உட்காராது, தட்டைச் சட்டியில் எண்ணெய் பரந்துவிடுகிறது என்று கடைசி நாளில் முறையிட்டேன். அந்த அடுப்பையே பார்த்திராத ஆச்சி, சட்டி எவ்வளவு அகலம் என்று கையை விரித்துக் காட்டச் சொல்லி, "பால் காய்ச்சுற சின்னச் சட்டி இருக்குமே, அதுல ஆழமா எண்ணெய் வை, ஒண்ணொண்ணா ஊத்து" என்றார். ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை அப்படியே செய்தேன். முதல் இரண்டு எண்ணெய் குடித்தன. மூன்றாவது வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றது. தொட்டுக்கொள்ளத் துவையலுக்காக மிளகாய் வற்றலை வறுத்தபோது, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. அதற்கு வழி கேட்க மறந்துவிட்டேன்.