நியூயார்க்கா சிகாகோவா: எனக்கு முடிவு சொன்னது குப்பை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு சிகாகோவுக்கு மூட்டை கட்டியவன் நான். அதனால் என்னிடம் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். வாடகை சிகாகோவில் குறைவு, ஆனால் விற்பனை வரி பத்து சதவீதத்தைத் தாண்டும். ரயில் என்றால் நியூயார்க்தான். 472 நிலையங்கள், நடுராத்திரி மூன்று மணிக்கும் வண்டி உண்டு. இங்கே விடிய விடிய ஓடுவது சிவப்பு, நீலம் இரண்டு தடங்கள் மட்டும். நாடகம், அருங்காட்சியகம் என்று எண்ணிக்கை பார்த்தாலும் நியூயார்க்தான். குளிரைப் பற்றிப் பேச இன்னும் எனக்குத் தகுதி வரவில்லை, இரண்டு பனிக்காலம்தான் பார்த்திருக்கிறேன், இரண்டும் போதும் போதும் என்றாகிவிட்டது.

சரி, குப்பைக்கு வருகிறேன். 1811-இல் மன்ஹாட்டனுக்குக் கட்டம் கட்டமாகத் தெரு வரைந்தவர்கள் வீடுகளுக்குப் பின்னால் சந்துக்கு இடமே விடவில்லை. அந்த ஒரு விடுபடலின் பலனை இருநூறு வருடம் கழித்து நான் அனுபவித்தேன். கட்டடத்தின் மொத்தக் குப்பையும் கறுப்புப் பைகளில் வாசல் நடைபாதையில்தான் வந்து குவியும். ஆகஸ்ட் மாத இரவில் பையின் அடியிலிருந்து ஏதோ ஒரு தண்ணீர் கோடாக வழிந்து வரும், அதைத் தாண்டிக் கால் வைத்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். ஊரிலிருந்து வந்த அம்மா முதல் நாள் கேட்டது, "ஏண்டா, இவ்ளோ பெரிய ஊரு, குப்பையை வாசல்லயா வெப்பாங்க?" (2024 நவம்பரிலிருந்து ஒன்பது வீடு வரை உள்ள கட்டடங்கள் மூடி போட்ட தொட்டியில்தான் போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நான் கிளம்பிய பிறகு.)

சிகாகோ கதை வேறு. மிச்சிகன் ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்குப் பணம் திரட்ட மனை விற்க வேண்டியிருந்தது, அதற்காக 1830-இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற அளவையாளர் ஊரை அளந்து வரைந்தார். அந்த முதல் வரைபடத்திலேயே சந்து இருந்தது. இன்று இந்த ஊரில் சந்துகள் மட்டும் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். குப்பைத் தொட்டி, மின்கம்பம், கார் நிறுத்தும் கொட்டகை எல்லாம் பின்பக்கம் போய்விடுவதால் என் வீட்டு முன்தெருவில் மிச்சம் இருப்பது மரமும் படிக்கட்டும்தான். குப்பை வண்டி வந்து போனதே தெரியாது, சத்தம் மட்டும் சமையலறைப் பக்கம் கேட்கும். எலி? இருக்கிறது, நிறையவே. ஆனால் அதுவும் பின்பக்கம்தான்.

முன்பக்கத்தைக் காலியாக வைக்கும் இந்தப் புத்தி ஏரிக்கரையிலும் தெரிகிறது. இப்போது கிராண்ட் பார்க் இருக்கும் இடத்தை, கட்டடம் எதுவும் இல்லாமல் என்றென்றும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று 1836-இலேயே வரைபடத்தில் எழுதி வைத்தார்கள். அங்கே கட்டடம் எழுப்பப் பார்த்தபோது மான்ட்கோமரி வார்ட் என்ற வியாபாரி 1890-இல் தொடங்கி இருபது வருடம் வழக்காடித் தடுத்தார். அங்கே இருக்கும், விவேகானந்தர் 1893-இல் பேசிய கட்டடம் மட்டும் அந்தத் தடையிலிருந்து தப்பியது தனிக்கதை, அதுதான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகம்.

நான் இருப்பது வடக்குப் பக்கம். தெற்குப் பக்கம் நாலைந்து தடவை போனதோடு சரி, அதனால் நான் சொல்வதை மொத்த ஊருக்கும் பொருத்திவிடாதீர்கள். அங்கே சந்து இருந்தும் தெருவில் பல மனைகள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க்கின் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைக்கு ஈடாக இங்கே ஒன்றும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.