காரா, பஸ்ஸா, ரயிலா? வயிற்றுப் பிள்ளையோடு மார்த்தாண்டம் – நாகர்கோவில்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் "இவ்வளவுதானா?" என்பார்கள். சாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று ஒவ்வொரு ஜங்ஷனிலும் ஊர்ந்து போகிறவர்களுக்குத்தான் தெரியும், ஆபீஸ் நேரத்தில் அது ஒன்றேகால் மணி நேரப் பாடு. மாலையில் அதற்கும் மேலே.

மூன்று வருஷமாக நாகர்கோவில் ஆபீஸுக்கு நானே கார் ஓட்டிப் போய்வந்தேன். மாசமாகி மூன்றாம் மாதம், ஒரு மாலை, வில்லுக்குறி தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது புலியூர்க்குறிச்சியில் பின்னால் வந்த லாரியின் ஹாரன். நடுவில் ரோட்டை நான் பார்க்கவே இல்லை. அன்று ராத்திரிதான் இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தேன்.

காருக்கு உள்ள நன்மைகள் சும்மா இல்லை. குமட்டினால் ஓரங்கட்டலாம், சீட்டைச் சாய்க்கலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பெல்ட் போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் சொல்வார்கள், தப்பு. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேலே ஏறாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டி வர வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே. ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையில் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணும் இரண்டு விரலும். வயிறு வளர வளர சீட்டைப் பின்னால் தள்ளுவோம். என்னைப் போலக் குட்டையான ஆளுக்கு ஒரு கட்டத்தில் பிரேக் எட்டாது.

ஆனால் உறக்கத்துக்கு பெல்ட் என்ன செய்யும்? முதல் மூன்று மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி ஆளை அடித்துப் போடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அசதி இரட்டிப்பு. அதற்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நான் பல நாள் டீயோடு விழுங்கியிருக்கிறேன். டீ அதை உடம்பில் சேரவிடாது என்று பிறகுதான் டாக்டர் திட்டினார். அதைவிட முக்கியம், வாந்திக்கு எழுதித்தரும் டாக்ஸிலமின் சேர்ந்த மாத்திரை. அதுவே உறக்கத்தைத் தரும். அதைப் போட்டுக்கொண்டு சாவியை எடுப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பு. தக்கலையில் நிறுத்தி ஒரு கருப்பட்டிக் காப்பி, சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷக் கண்ணயர்வு, இவை ஒரு நாள் கைகொடுக்கும். தினமும் கைகொடுக்காது.

காரில் இன்னொரு சிக்கல். காலையில் நான் நன்றாகத்தான் இருப்பேன். ஆனால் காலையில் காரை எடுத்தால் மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும். ஆகவே எந்த வழியானாலும், சாயங்காலம் ஆறு மணிக்கு நான் இருக்கும் நிலைக்கு அது ஒத்துவருமா என்று மட்டும் பார்த்தேன்.

பஸ்: சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அது எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும், குலுக்கல் வேறு. காலையில் சீட் கிடைத்தாலும், சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்து ஏற ஐந்தாம் மாதத்துக்கு மேல் என்னால் ஆகவில்லை. வயிறு தெரியத் தொடங்கும் வரை எழுந்து இடம் கொடுக்கவும் ஆளில்லை. உண்மையான அசதி அப்போதுதான் இருக்கும் என்பது வேறு கதை.

ரயில் எனக்குப் பிடித்த வழி. 1979-இல் வந்த அந்தப் பாதையில் குழித்துறை, பள்ளியாடி, இரணியல், நாகர்கோவில். ஜங்ஷன் நெரிசல் கிடையாது. கால் மரத்தால் எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் உண்டு. கர்ப்பத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பதால் இந்த எழுந்து நடப்பது பெரிய விஷயம். கெடுப்பது இரண்டு முனைகள்தான். குழித்துறை ஸ்டேஷன் மார்த்தாண்டம் டவுனை விட்டுத் தள்ளி. நாகர்கோவிலில் இறங்கினால், ஸ்டேஷன் இருக்கும் கோட்டாறிலிருந்து மறுபடி ஆட்டோ. வண்டி தாமதமானால் பிளாட்பாரத்தில்தான் காத்துக் கிடக்க வேண்டும். ஆபீஸ் கோட்டாறு பக்கம் உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான்.

என் ஆபீஸ் அந்தப் பக்கம் இல்லை. ஆகவே நான் போனது நாலு பேர் சேர்ந்து பெட்ரோல் பங்கிட்டுக்கொள்ளும் காரில். ஓட்டுவது எங்கள் ஆபீஸ் சார் ஒருவர். நேரம் அவருடையது, பாட்டும் அவருடையது, அரசியலும் அவருடையது. இருந்தாலும் வில்லுக்குறியில் நான் உறங்கினால் யாருக்கும் சேதமில்லை.

ஸ்கூட்டரில் ஒருக்களித்து உட்கார்ந்து போகலாமே என்றாள் ஒரு மைனி. அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

மாமியார் சொன்ன வழி வேறு. "ஏன் மக்களே, வேலைய விட்டுப்போட்டா சோறு கிட்டாதா?" வேலையை விட வேண்டாம், லீவு இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு. அதில் பேறுக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். வீட்டிலிருந்து வேலை செய்யலாமே என்பார்கள். அந்தச் சட்டம் அதைச் சொல்வது லீவு முடிந்த பிறகுள்ள காலத்துக்கு, அதுவும் முதலாளி சம்மதித்தால். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையோடு இருக்கும் நாளில் குறையும் என்பதால் நான் எட்டையும் எடுக்கப்போவதில்லை, நான்கு.

அதுவரை, வாரத்தில் இரண்டு ராத்திரி வடசேரியில் சித்தி வீடு. ஆபீஸுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். சித்தி ஏழு மணிக்கே மரச்சீனியும் மீன்குழம்பும் வைத்துவிடுவாள், எட்டரைக்கு நான் உறங்கிவிடுவேன். கார் சாவி இப்போது என் வீட்டுக்காரர் கையில். வாரத்துக்கொருமுறை ஸ்டார்ட் பண்ணிப் போடாவிட்டால் பேட்டரி போய்விடும் என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.